வைத்திருத்தல்

ஓர் உயிரை ஆரோக்கியமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லும்போது 'ஆரோக்கியம்' என்ற சொல்தான் காதில் விழுகிறது. 'வைத்திருக்கிறோம்' என்பது அதன் மறைவில் பதுங்கிக்கொள்கிறது. ராட்சதச் சிப்பியை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களின் காரியம் இந்த மறைவை விலக்கிப் பார்க்க உதவுகிறது.

கோடியக்கரையில் இந்தச் சிப்பி கிடையாது. பாக் நீரிணையின் இந்த முனையில் கடல் ஆழமற்றது, சேறு கலந்தது. சிப்பிக்கோ தெளிந்த நீரும் வெயிலும் பவளப் பாறையும் வேண்டும். இந்தியாவில் லட்சத்தீவிலும் அந்தமான் நிகோபாரிலும் இருக்கிறது. அதன் சில இனங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மேல்நாடுகளில் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளை வாங்கி வளர்க்கிறார்கள். இருந்தும் இதை யோசிக்கக் கோடியக்கரை பொருத்தமான இடம்தான். பக்கத்தில் வேதாரண்யம் உப்பளங்கள் இருக்கின்றன.

உப்பளம் கடலைப் பிரித்துப்போடுகிறது. நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகே சோற்றுப்பு விளைகிறது. கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியமும் போய்விடுகிறது. 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் இங்கே அள்ளிய உப்பு ஒரு தேசத்தின் உரிமைக்கு அடையாளமாயிற்று. ஆனால் எந்த உப்பளத்து உப்பையும் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் வராது. அந்த நீரில் சிப்பி செத்துப்போகும். நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு முழுமையின் பெயரைச் சூட்டுவது நம் பழக்கம்.

தொட்டிக்காரனுக்கு இது தெரியும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதில் சுண்ணாம்புச் சத்து, காரத்தன்மை, மக்னீசியம் எல்லாம் அளவோடு. 25, 26 டிகிரி வெப்பம். கடுமையான வெளிச்சம், ஏனென்றால் சிப்பியின் சதைமடிப்பில் குடியிருக்கும் பாசி, நெற்பயிர் போல, ஒளியைக் கொண்டு சமைத்துத்தான் அதற்குச் சோறு போடுகிறது. நீர் அதிசுத்தமாகவும் இருக்கக்கூடாது. மீன்களின் கழிவில் உள்ள நைட்ரஜன் அந்தப் பாசிக்கு உரம். இடம் மாற்றும்போது பாறையைப் பற்றியிருக்கும் நார்களைப் பிய்த்தால் சிப்பி பிழைப்பது அரிது. கடல் நினைத்துப் பாராமல் செய்ததையெல்லாம் இவன் ஒவ்வொன்றாக நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவு கவனத்தை அன்பு என்று சொல்லலாமா? சதைமடிப்பின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கண்கள். நிழல் விழுந்தால் சிப்பி உடனே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுத்துக்கொள்வதைத்தான் நல்ல ஆரோக்கியத்தின் அறிகுறியாகக் கொள்கிறார்கள். பார்த்து ரசிக்க வருபவன் அதற்கு ஒரு நிழல் மட்டுமே. அது நம்மிடமிருந்து பின்வாங்குவதைக் கண்டு நாம் திருப்தி அடைகிறோம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் கரையில் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் மின்சாரம் இல்லை. அன்று இங்கே ஒரு வீட்டில் இப்படி ஒரு தொட்டி இருந்திருந்தால் நீர் ஓட்டம் நின்று, காற்று குறைந்து, உள்ளே இருந்தவை செத்திருக்கும். அந்தச் சாவுக்குப் புயலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஓர் உயிருக்கும் உலகத்துக்கும் இடையே இருந்த ஆயிரம் தொடர்புகளை அறுத்து, தன் ஒருவனையே தொடர்பாக வைத்துக்கொண்டவனுக்கும் அதில் பங்கு உண்டு.

பண்ணைக் குஞ்சுதானே, கடலிலிருந்து பிடிக்கவில்லையே என்பார்கள். நியாயம்தான், பாறைகள் சூறையாடப்படுவது அதனால் குறையலாம். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்பதற்குத்தான் இந்தப் பதில் பொருந்தும். எதற்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. கோடியக்கரை மணலில் பங்குனி ஆமை இடும் முட்டைகளையும் வனத்துறை எடுத்துவந்து வேலிக்குள் காக்கிறது. அங்கேயும் வெப்பம், ஈரம், காவல் எல்லாம் உண்டு. குஞ்சு பொரிந்ததும் கடலில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காவல் தன் முடிவைத் தானே வேண்டி நிற்கிறது. வரவேற்பறைத் தொட்டியில் கவனம் இதைவிட அதிகமாகவே இருக்கலாம். விடுவதற்கு ஒரு நாள் மட்டும் அதில் குறிக்கப்படவில்லை.