நன்றியும் நடுவுநிலையும்: சிறுமியர்க்கான வரலாற்றுப் புனைகதையை முதிர்ந்தபின் மீளவாசித்தல்

இளமையில் விரும்பிப் படித்த நூலொன்றை ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டும் எடுத்துப் படிப்போர் அனுபவம் வெறும் நினைவு மீட்டலாக அமைந்துவிடுவதில்லை. முன்னர் கண்ணிற் படாதவை இப்பொழுது படுகின்றன. முன்னர் இனித்த இடங்கள் சில கசக்கின்றன. நூல் மாறவில்லை, வாசகரே மாறினார் என்பது பொதுவான விளக்கம். அவ்விளக்கம் உண்மையேயாயினும் போதியதன்று. மாறிய வாசகர் பழைய நூலுக்கு எத்தகைய கடப்பாடு உடையவர், அந்நூலினால் ஊறுபட்டோருக்கு எத்தகைய கடப்பாடு உடையவர் என்னும் அறவியல் வினா அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. சிறுமியரை நோக்கி எழுதப்பட்ட வரலாற்றுப் புனைகதைகளிலே இவ்வினா மிகத் தெளிவாக எழுவதனால், அத்துறை சார்ந்த புகழ்பெற்ற நூல்வரிசை ஒன்றினை முன்னிறுத்தி அதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலில் இவ்வகைப் புனைகதையின் இடத்தினை உணர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜீ. ஏ. ஹென்டி போன்றோர் ஆங்கிலத்தில் எழுதிக் குவித்த வரலாற்றுக் கதைகள் பெரிதும் சிறுவரை நோக்கியனவாகவும், போரையும் வெற்றியையும் பேசுவனவாகவும் இருந்தன. அக்கதைகளில் வரலாறு என்பது படைகளின் நடமாட்டமே. பெண்பிள்ளைக்கு அதில் இடமில்லை. இருப்பினும் அது காத்திருப்போரின் இடமே. சிறுமியர்க்கான வரலாற்றுப் புனைகதை இந்நிலையை மாற்றியது. அப்பம் சுடுதல், வெண்ணெய் கடைதல், துணி தைத்தல், நோயாளியைப் பேணுதல் ஆகியனவும் வரலாறே என அது காட்டியது. வரலாற்றாசிரியர் பொருட்படுத்தாது விட்ட வாழ்வினைப் பத்து வயதுச் சிறுமி தன் வாழ்வோடு ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பினை அது வழங்கிற்று. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவை லோரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்கள். 1867 இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்த அவர், தமது அறுபத்தைந்தாவது வயதிலே, 1932 இல், முதல் நூலை வெளியிட்டார். 1943 வரை எட்டு நூல்கள் வெளிவந்தன. மகள் ரோஸ் வைல்டர் லேனின் கை இவற்றின் ஆக்கத்திற் பெரிதும் கலந்துள்ளது என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1870களிலும் 1880களிலும் புதுநிலம் தேடி மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிக் குடும்பமொன்றின் கதையை அவை லோரா என்னும் சிறுமியின் கண்வழியாகக் கூறுகின்றன. கண்பார்வை இழந்த தமக்கை கல்லூரியிற் கற்பதற்காகத் தான் ஆசிரியப் பணி ஏற்பதும், மணநாளில் கணவனுக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி கூற மறுப்பதும் லோராவைத் தனித்தன்மை வாய்ந்த பாத்திரமாக்குகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சிறுமியர் அவளைத் தோழியாகக் கொண்டதில் வியப்பில்லை.

இவ்வரிசையில் 1935 இல் வெளிவந்த 'லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரி' என்னும் நூலே மீளவாசிப்போரைப் பெரிதும் தடுமாறச் செய்வது. கன்சாஸ் புல்வெளியில் தந்தை தன் கையாலேயே மரவீடு கட்டுகின்றார், கிணறு தோண்டுகின்றார், மாலையிற் பிடில் வாசிக்கின்றார். காய்ச்சலினாற் குடும்பம் முழுவதும் வீழ்ந்தபோது டாக்டர் டான் என்னும் கறுப்பின மருத்துவர் உயிர் காக்கின்றார். படிக்கும் சிறுமிக்கு அது உலகின் தொடக்கம் போலத் தோன்றுகின்றது. ஆனால் அந்நிலம் வெற்றுநிலமன்று. அது ஓசேஜ் மக்களுக்கு உடன்படிக்கையால் உரித்தான ஒதுக்குநிலம். இங்கல்ஸ் குடும்பம் 1869 – 1871 காலப்பகுதியில் அங்கு குடியிருந்தது. விற்பனைக்குத் திறந்துவிடப்படாத நிலத்தில் உரிமையின்றிக் குடியேறிய பலருள் அக்குடும்பமும் ஒன்று. 1870 இல் ஓசேஜ் மக்கள் அந்நிலத்தைக் கைவிட இணங்க நேர்ந்தது. கன்சாஸ் நிலம் விற்ற பணத்தைக் கொண்டே அவர்கள் இன்றைய ஒக்லஹோமாவில் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஏக்கரை விலைக்கு வாங்கிக் குடிபெயர்ந்தனர்.

நூலிலும் அவர்கள் செல்கின்றனர். நீண்ட வரிசையாக வீட்டு வாசலைக் கடந்து போகும் அவர்களைக் குடும்பம் நின்று பார்க்கின்றது. தாயோடு செல்லும் குழந்தை ஒன்றின் கருவிழிகளைக் கண்ட லோரா அக்குழந்தை தனக்கு வேண்டுமென அழுகின்றாள். சிறுவயதில் இதனைப் படித்தவள் அந்த ஏக்கத்தைத் தன் ஏக்கமாகக் கொண்டாள். முதிர்ந்து படிப்பவளோ, நிலத்தை எடுத்துக்கொண்ட பெரியோரின் விருப்பமும் குழந்தையை வேண்டிய சிறுமியின் விருப்பமும் ஒரே வாசலில் நிற்பதைக் காண்கின்றாள்.

நூலின் முதற் பதிப்பில், அப்புல்வெளியில் மனிதர் எவரும் இல்லை, இந்தியரே வாழ்ந்தனர் என்னும் பொருள்பட ஒரு கூற்று இருந்தது. 1952 இல் வாசகர் ஒருவர் பதிப்பகத்திற்கு இது குறித்து எழுதினார். வைல்டர் தவற்றினை ஒப்புக்கொண்டார். 1953 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்ற சொல் 'குடியேறிகள்' என மாறிற்று. பதினேழு ஆண்டுகளாக எத்தனையோ ஆசிரியரும் பெற்றோரும் அக்கூற்றை உரக்கப் படித்திருப்பர். அவர்களுட் பெரும்பாலோர் நாவிலே அது இடறவில்லை என்பதே சிந்தனைக்குரியது. சொல் திருத்தப்பட்டபின்னும் நோக்கு முற்றாக மாறவில்லை. செத்த இந்தியனே நல்ல இந்தியன் என்னும் பொருள்கொண்ட கொடுமொழி அயலவர் வாயிலாக நூலில் இன்றும் வருகின்றது. தந்தை அதனை ஏற்பதில்லை என்பதும் கூறப்படவேண்டியதே. ஆயினும் 1990களில் மினசோட்டா மாநிலத்துப் பாடசாலையொன்றில் இந்நூல் உரக்கப் படிக்கப்பட்டபோது, டகோட்டா இனச் சிறுமியொருத்தி அழுதவாறு வீடு திரும்பினாள். அவளும் சிறுமியே, அவளும் அந்நூலின் வாசகியே. 'சிறுமியர்க்கான நூல்' என்னும்போது எச்சிறுமியர்க்கானது என்ற வினா இங்குத் தவிர்க்க இயலாததாகின்றது.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழக்கமாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. முதலாவது, காலத்தைக் காரணங்காட்டும் விடை. அக்காலத்தோர் அவ்வாறே எண்ணினர். இன்றைய அளவுகோலால் அன்றைய நூலை அளத்தல் முறையன்று என்பர். இதில் ஓரளவு நியாயமுண்டு. எனினும், அக்காலத்தோர் என்னும் சொல்லிற்குள் யார் யார் அடங்குவர்? ஓசேஜ் மக்களும் அக்காலத்தோரே. தம் நிலம் வெற்றுநிலமன்று என்பதும் தாம் மனிதர் என்பதும் அவர்களுக்கு 1870 இலேயே தெரிந்திருந்தன. காலத்தைக் காட்டி மன்னிப்போர், அக்காலத்தின் ஒரு சாராரை மட்டுமே காலமாக எண்ணுகின்றனர். நூல் செய்த பிழையையே நூலுக்கான காப்புரையும் செய்கின்றது.

இரண்டாவது, முற்றாக விலக்கும் விடை. தவறுடைய நூலைப் படிக்கவும் கொடுக்கவும் ஆகாது என்பர். இவ்விடை நேர்மைபோலத் தோன்றினும் ஓர் உண்மையை மறைக்கின்றது. அந்நூல் வாசகிக்குத் துணிவையும் உழைப்பின் மதிப்பையும் கற்பித்தது மெய்; அதனை இல்லை என்பது தன் வரலாற்றையே திருத்தி எழுதுவதாகும். மேலும், விலக்கிவிட்ட நூலைப் பற்றி எதுவும் சிந்திக்க வேண்டியதில்லை. குற்றம் நூலோடு வெளியேறிவிட்டதென வாசகர் அமைதியடைகின்றார். இவ்வமைதி எளிதிற் கிடைப்பது, ஆதலால் ஐயத்திற்குரியது. 1954 இல் வைல்டரின் பெயரால் நிறுவப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2018 இல் மாற்றியபோது, இது நூல்களை விலக்குவதன்று என்றும் அறிவித்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. ஒருவரைப் பொது மதிப்பின் அடையாளமாக நிறுத்துவது வேறு. அவர் நூலைப் படிப்பது வேறு.

இவ்விரு விடைகளுக்கும் அப்பால் செல்வதற்குத் தமிழ் அறநூல் மரபிலே ஒரு வழி உண்டு. திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. இவ்வைப்புமுறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நுட்பமானது. நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்பதற்காகவே நன்றியறிதலின்பின் நடுவுநிலைமை வைக்கப்பட்டது என்பர் அவர். நன்றியை அழித்துவிட்டு நடுவுநிலை பேணும்படி இங்குக் கூறப்படவில்லை. நன்றி உள்ள இடத்திலேதான் நடுவுநிலை உண்மையாகச் சோதிக்கப்படுகின்றது என்பதே கருத்து. தொடர்பில்லாத நூலொன்றின் குற்றத்தை எடுத்துரைத்தல் எளிது. தன்னை வளர்த்த நூலின் முன் நின்று, கொண்டதை மறுக்காமலும் கண்டதை மறைக்காமலும் பேசுதலே அரிது.

நன்றியறிதல் அதிகாரம் மற்றொன்றையும் கற்பிக்கின்றது. ஒருவர் செய்த நன்மையை மறத்தலாகாது. தீமையையோ அன்றே மறத்தல் நன்று என்பது அதன் போதனை. இங்கு மறக்கத் தக்கது தனக்குச் செய்யப்பட்ட தீமையேயாகும். பிறனுக்கு இழைக்கப்பட்டதை மறந்துவிடும் உரிமை எவர்க்கும் இல்லை. கதைத்தலைவியரை ஈற்றில் அடக்கமான மங்கையராக்கிவிடும் நூல்களை முதிர்ந்த வாசகி மன்னிக்கலாம். கரோல் றைரி பிரிங்க் 1935 இல் எழுதிய 'கடி வுட்லோன்' நூலில், ஆண்பிள்ளைகளோடு காட்டில் ஓடித் திரிந்த கடியைப் பெண்மையின் கடமை பற்றிய தந்தையின் அறிவுரை மாற்றிவிடுகின்றது. அத்தீமை வாசகிக்கே இழைக்கப்பட்டது. மன்னித்தல் அவள் விருப்பம். அழுது வீடு திரும்பிய டகோட்டாச் சிறுமியின் சார்பாக மன்னிக்க அவளுக்கு உரிமையில்லை.

இவ்வேறுபாடு நூலாசிரியரின் மௌனங்களை மதிப்பிடவும் உதவும். வைல்டர் பலவற்றைக் கூறாது விட்டார். 1876 இல் ஒன்பது மாதக் குழந்தையாய் இறந்த தம்பி கதையில் இல்லை. அயோவாவிலுள்ள பர் ஓக் ஊரில் குடும்பம் பட்ட துன்பங்களும் இல்லை. அவரது வாழ்க்கைக் குறிப்பான 'பயனியர் கேர்ள்' 2014 இல் விரிவான உரைக்குறிப்புகளுடன் அச்சேறியபோது பொது வாசகர் இவற்றை அறிந்தனர். இம்மௌனங்களைக் குறைகூறுதல் முறையன்று. தன் துயரைக் கூறுவதும் கூறாமல் விடுவதும் அத்துயருக்கு உரியவரின் உரிமை. சிறுமியரைத் தாங்கொணாத் துயரினின்று காத்தல் கருணையும் ஆகும். ஆனால் ஓசேஜ் மக்களின் இழப்பு வைல்டருக்கு உரியதன்று. தனக்குரிய துயரை மறைத்தல் அடக்கம். பிறர்க்குரிய துயரை மறைத்தல் அநீதி. அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்பதற்கில்லை. அறியாமையும் அதில் உண்டு. அதனால் ஆசிரியர்மேலுள்ள பழி குறையலாம். இழந்தோர்க்குச் செலுத்தவேண்டிய உண்மையின் கடன் குறைவதில்லை.

மீளவாசிப்பின் பணி யாது என்பதற்கு அந்நூலினுள்ளேயே ஒரு குறிப்பு உண்டு. இந்தியர் மேற்கே போக நேரும் என்று தந்தை கூறக் கேட்ட லோரா, இது அவர்கள் நிலமல்லவா, போகச் சொன்னால் அவர்கள் சினம் கொள்ளார்களா என்னும் கருத்துப்பட வினவுகின்றாள். தந்தை விடை கூறவில்லை. கேள்விகளை நிறுத்தி உறங்குமாறு பணிக்கின்றார். குழந்தையின் நேர்மையான வினா தந்தையின் அன்பினாலேயே அடக்கப்பட்ட இடம் இது. சிறுவயதில் இதைப் படித்தவள் லோராவோடு தானும் உறங்கிவிட்டாள். அன்புடைய தந்தை கூறினால் குழந்தை வேறென்ன செய்யும்? முதிர்ந்த வாசகிக்கு உறங்கவேண்டிய கட்டாயமில்லை. அடக்கப்பட்ட வினாவை அவ்விடத்திலிருந்தே தொடர்தல் அவளுக்கு இயலும். அதனைத் தொடர்வதால் லோராவுக்குத் துரோகம் நேராது. அது லோராவின் வினாவே. நூல் தந்த விழிப்பைக் கொண்டே நூலை வினவுதல் நன்றியின் உயர்ந்த வடிவம் எனலாம்.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி வேறு நூல்களில் உண்டு. ஒஜிப்வே வழித்தோன்றலான லூயிஸ் ஏர்ட்ரிக் 1999 இல் எழுதிய 'த பேர்ச்பார்க் ஹவுஸ்' என்னும் நாவல், 1847 இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஓமகாயஸ் என்னும் ஏழு வயது ஒஜிப்வேச் சிறுமியின் கதை. அங்கும் வீடு கட்டப்படுகின்றது, தோல் பதனிடப்படுகின்றது, பாட்டி கதை சொல்கின்றாள். பெரியம்மை வந்து உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது. வைல்டரின் நூலில் வெற்றிடமாகக் கிடந்த நிலம் இங்கு ஒருத்தியின் வீடாகின்றது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் சிறுமி எவ்வித விரிவுரையுமின்றி ஒன்றைப் புரிந்துகொள்வாள்: ஒருவர் வீட்டின் தொடக்கம் வேறொருவர் வீட்டின் முடிவாக இருத்தல் கூடும்.

எனவே, இளமையில் நேசித்த நூலை மீளவாசிப்பவர் அதனை வழக்காடுமன்றத்தில் நிறுத்தவும் வேண்டியதில்லை. கோயிலில் வைக்கவும் வேண்டியதில்லை. அந்நூல் தனக்குச் செய்த நன்மையை உள்ளவாறு ஏற்றலும், பிறர்க்குச் செய்த ஊறினை உள்ளவாறு கூறலும் அவர் கடன். அடுத்த தலைமுறைச் சிறுமியின் கையில் அந்நூலைக் கொடுக்கும் நாளில் இக்கடன் நடைமுறைக்கு வருகின்றது. அவள் படிக்கையில் அருகிருத்தல் வேண்டும். இது யார் நிலம் என்று அவள் கேட்கும்போது, உறங்கு என்று கூறாதிருத்தல் வேண்டும்.