பற்று நோட்டுப் பாடம்

ஏற்கெனவே ஓடுகிற தொழில் இன்னும் பெருக, பங்கு வாங்கிப் பணம் போடுவதுதான் வளர்ச்சி முதலீடு. 1984-ல் சென்னையில் தொடங்கிய ஃபைவ் ஸ்டார் பிசினஸ் ஃபைனான்ஸ், சிறு கடைக்காரர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. மேட்ரிக்ஸ், நார்வெஸ்ட், டிபிஜி ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் அதில் பணம் போட்டன. 2022 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது.

கல்லூரி முடித்த கையோடு இப்படி முதலீடு செய்யும் நிறுவனத்தில் வேலைக்குப் போனால், முதலில் தொழில் நடத்துபவர்களுக்குப் போன் போடுவதும் கணக்கு அலசுவதும்தான் (கோட்டு சூட்டெல்லாம் அப்புறம்). ஃபைவ் ஸ்டார் போன்ற நிறுவனம் என்றால், கொடுத்த கடன் திரும்புகிறதா, வாங்கியவர் மறுபடி வருகிறாரா என்று பார்க்கத் தெரியவேண்டும். மளிகைக்கடையில் கடன் எழுதும் பற்று நோட்டிலேயே அது தெரியும்: கோடு அடித்த வரி வசூலானது, அடிக்காதது நிலுவை.

பி.காம். முடிக்கப்போகும் தம்பி தங்கைகளே, விண்ணப்பம் போடுமுன் ஒரு கடைக்காரரிடம் கேட்டு, ஒரு மாதம் அந்த நோட்டை எழுதிப் பாருங்கள்.