கதை யாருடைய சொத்து?

கதையெழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால்தானோ என்னவோ, கப்போ என்ற கிழவரை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நாட்டில் வேட்டையாடி வாழ்ந்த 'காம்' ஜனங்களில் ஒருவர். கால்நடைத் திருட்டு வழக்கில் கைதியாகக் கேப்டவுனுக்கு வந்தவரை, மொழியாராய்ச்சியாளர் பிளீக் 1871-ல் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். பிளீக்கும் அவர் மைத்துனி லூஸி லாயிடும் எழுத எழுத, கிழவர் சொல்லிக்கொண்டே போனார். நாம் கும்பிடுபூச்சி என்கிறோமே, அதுதான் பல கதைகளில் நாயகன். தந்திரசாலி, அடிக்கடி உதைபடுகிறவனும்கூட.

தண்டனைக் காலம் முடிந்த பிறகும் கிழவர் தங்கினார். பிளீக் தருவதாகச் சொன்ன துப்பாக்கிக்காகவும் காத்திருந்தார். ஊருக்குப் போய்த் தம் ஜனங்களின் கதைகளை உட்கார்ந்து கேட்கவேண்டும் என்று அவர் ஏங்கினாரே, அதையும் எழுதிக்கொண்டார்கள்! 1873-ல் திரும்பினார், 1876-ல் காலமானார். இன்று அந்த மொழியைப் பேச ஆளில்லை. நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

கைதியிடம் வாங்கிய தானம் தானமாகுமா? எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் லாயிட் அம்மாள் கதையோடு சொன்னவர் பெயரையும் குறித்து வைத்தாள். என் அத்தைப்பாட்டி சொன்ன நரிக் கதையைப் பத்திரிகைக்கு எழுதிச் சன்மானம் வாங்கினேன் நான். அதில் என் பெயர் மட்டுமே இருந்தது. அச்சான பிரதியை அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. யார் சொன்ன கதைடா இது?" என்றாள்.