கோப்பையும் வினைப்பயனும்

பருவம் முழுக்க நன்றாக ஆடியவருக்கே கோப்பை என்பது, விளையாட்டில் நாம் நம்பும் கர்மக் கொள்கை. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சி கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டம் டிராவில் முடிந்தது. முதல் இன்னிங்ஸில் ராஜஸ்தான் 621, தமிழ்நாடு 295. முதல் இன்னிங்ஸ் முன்னிலை விதிப்படி கோப்பை ராஜஸ்தானுக்கு. எடுத்த ரன்கள் தாமாகவே கோப்பையைத் தந்துவிடவில்லை. விதி ஒன்று நடுவே நின்று தந்தது. விதி வேறு மாதிரியும் இருக்கலாம்: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில், இறுதிக்கட்டத்துக்காக ஒமாஹா நகருக்கு வரும் 8 அணிகளில் எதுவும் ஒரே தோல்வியில் வெளியேறுவதில்லை; இறுதிச் சுற்றும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்கே. ஒருநாள் முடிவு தகுதியைச் சொல்லாது என்று விதி வகுத்தவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை மூலநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், பயனை நடுவே நின்று தர ஒருவர் வேண்டும் என்று முன்பே வாதித்தது: வினை சடம், அதாவது அறிவற்றது; பயனை அது தானே கூட்டாது, அறிவுள்ள ஒருவன் கூட்டுவிக்க வேண்டும். முற்றறிவுள்ள இறைவன் கூட்டுவது பிசகாது. விளையாட்டில் கூட்டுவதோ மனிதர் வகுத்த விதி, அதற்குத் தெரிவது ஸ்கோர் மட்டும். அப்படியானால் பயிற்சி வீணா என்று கேட்கலாம். இல்லை, வினையே இல்லாவிட்டால் கூட்டுவிக்கப் பயனும் இல்லை. தகுதியை நிறுவாத கோப்பைக்கு என்ன மதிப்பு என்றும் கேட்கலாம். ஆட்டத்தை முடித்துவைக்க ஒரு தீர்ப்பு வேண்டும். அந்த மதிப்பு போதும். அதை ஆடியவரின் தரத்துக்குச் சான்றிதழாக வாசிப்பதுதான் பிழை.