கேட்பதும் இரப்பதும்

உடற்குறையுடைய ஒருவர் அரசின் உதவியை நாடுவது இரத்தலாகுமா? இவ்வினாவை என்முன் வைத்தவர் பேணுதல் மிக்க ஒரு தந்தை. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். வயது பதினெட்டு நிறைந்தவள். ஒரு கால் பிறவியிலேயே சூம்பியது; செவியும் மந்தம். மருத்துவச் சான்று பெற்றால் கல்லூரியில் இடம் எளிதாகும் என்று பள்ளி ஆசிரியை கூறியிருக்கிறார். தந்தை இசையவில்லை. "ஹஜ்ரத், பிறரிடம் கையேந்தலாகாது என்பதன்றோ நாம் ஓதியது?" என்றார். சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில், "ஊனம் என்று தாளில் ஏறிவிட்டால் நாளை அவளைப் பெண் கேட்டு வருவார் யார்?" என்றும் சேர்த்துக்கொண்டார். முதற்காரணம் நாவினது, இரண்டாவது நெஞ்சினது என்றே எனக்குப் பட்டது.

இரத்தல் என்பது தனக்கு உரிமையில்லாத பொருளைப் பிறர் இரக்கத்தை நம்பி வேண்டுதல். திருமறையோ, செல்வரின் பொருளில் கேட்போருக்கும் இல்லாமையில் உழல்வோருக்கும் உள்ள பங்கை 'ஹக்' என்றே குறிக்கிறது. உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் ஆட்சியை (705–715) எல்லா வகையிலும் புகழ்வார் இலர். ஆயினும் அவர் தொழுநோயாளருக்கு மானியம் வகுத்து, மக்களிடம் இரவாதீர் எனத் தடுத்ததையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளையும் அமர்த்தியதையும் இமாம் தபரீ பதிவு செய்திருக்கிறார். கொடையும் தடையும் ஒருங்கே வந்தமை நோக்கத்தக்கது. இரத்தலை ஒழிக்க வந்த மானியத்தை வாங்குவதே இரத்தல் எனின், அத்தடைக்குப் பொருளே இல்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாதவருக்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் ஒதுக்கீடு உண்டு. முன்னதில் 5 விழுக்காடு, பின்னதில் 4. மைய அரசின் ஓய்வூதியத் திட்டமோ 80 விழுக்காடு பாதிப்பும் வறுமைக் கோட்டுக்குக் கீழான வாழ்வும் வேண்டும் என்றது. 2012இல் அதற்கு மாதம் 300 ரூபாய் என்று வகுத்தார்கள். மாநிலங்கள் தத்தம் விதிப்படி வழங்குவன வேறு. ஆகவே ஒரு வாயிலில் தகுதியுடையவர் மறு வாயிலில் தகுதியற்றவராகிறார்.

39 விழுக்காடு பெற்றவரின் துன்பம் சிறியதா? அன்று. கோட்டை எங்கேனும் கிழித்தாக வேண்டியிருக்கிறது. ஜகாத்துக்கு 20 மித்கால் பொன் நிஸாப். 19 உடையவரின் வாழ்வுக்கும் 20 உடையவரின் வாழ்வுக்கும் வேறுபாடு எவ்வளவு? கடமை எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதே கோட்டின் வேலை. அதற்குக் கீழே நின்றுவிட்டவர் அரசின் கணக்கில் இல்லாவிடினும் மஹல்லாவின் கணக்கில் இருக்கிறார். பொய்ச் சான்று கொண்டு கோட்டைத் தாண்டுபவரோ இன்னொருவரின் இடத்தை உண்கிறார்.

தந்தையிடம் நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. தன் ஹக்கை ஒருவர் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. பிறர் ஹக்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் ஏது? அநாதையின் பொருளைக் காக்கும் வலீ, அதிலிருந்து தானம் செய்ய ஃபிக்ஹு இடந்தரவில்லை. அங்ஙனமிருக்க, வயது வந்த மகளின் உரிமையை மணப்பேச்சுக்கு அஞ்சி மறைப்பது எவ்வாறு பேணுதலாகும்? பெண் கேட்டு வருவோரிடம் மறைப்பது அதனினும் பெரும்பிழை என்றேன். அவருக்கு அது கசந்தது.

மகளை அதுவரை எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "படிக்க வேண்டும், ஹஜ்ரத்" என்றாள்.

காலுக்கு 30, செவிக்கு 30 என்று மதிப்பிட்டார்கள். தனித்தனியே எதுவும் 40ஐ எட்டவில்லை. விதியின்படி இரண்டையும் இணைத்துக் கணக்கிட்டபோது, 60 அன்று, 50 வந்தது. சான்றினை வாங்கத் தாயும் மகளும் சென்றார்கள். தந்தை மருத்துவமனை வாயில்வரை உடன் சென்றிருக்கிறார்.