தோள் அளவு

கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கக் கொடுத்திருக்கிறீர்களா? டெய்லர் டேப்பை எடுத்ததும் நெஞ்சை நிமிர்த்தி, தோளை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நானும் நின்றேன்.

பெரியவர் சிரித்தார். ‘‘இடுப்பைப் பிடிச்சுடலாம், கை நீளத்தைக் குறைச்சுடலாம் தம்பி. தோள் தப்பினா கை, காலர் எல்லாத்தையும் பிரிக்கணும். வீட்ல நிக்கிற மாதிரி நில்லுங்க.’’

மூச்சை விட்டேன். வலது தோள் இறங்கியது. ‘‘அதனாலென்ன, அந்தப் பக்கம் பேடு கொஞ்சம் தடிமனா வெச்சாப் போச்சு!’’

பேடு வைப்பதும் ஏமாற்றுதானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறங்கிய தோளை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. ஆனால், நமக்காகத் தைக்கிறவரிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால், இல்லாத ஓர் ஆளுக்குத்தான் கோட் தயாராகும். அதைப் போட்டுக்கொண்டு எத்தனை நேரம் மூச்சைப் பிடிப்பது?

அப்போதுதான் உறுத்தியது. பெண் வீட்டில் என் சம்பளத்தை இரண்டாயிரம் கூட்டிச் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு போன் செய்து நிஜத்தைச் சொன்னேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், ‘‘கோட் என்ன கலர்?’’ என்று கேட்டாள்.

நீங்கள் யாரிடம் உங்கள் அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்? துணியை வெட்டுவதற்குள் திருத்திவிடுங்கள்.