இருப்போரும் வருவோரும்

தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே நம் கல்கத்தா நகரின் மைதானத்து ஓரத்தில், பாபுகாட் படித்துறையை ஒட்டி, ஒரு தற்காலிக ஊர் எழுகின்றது. மூங்கிலும் தார்ப்பாயும் அதன் சுவர்கள். வைக்கோல் அதன் தரை. விறகுப் புகை அதன் மணம். 1830-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, ராணி ராஸ்மணி அம்மையாரின் கணவர் பாபு ராஜ்சந்திர தாஸின் பெயரைத் தாங்கிய துறை அது. மகர சங்கராந்தியன்று கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் நீராடக் கங்காசாகரம் செல்வோர் பலர் முதலில் வந்து இறங்குவது இங்கேதான். நாம் பொங்கற்பானைக்கு மஞ்சட் கொத்துக் கட்டும் அதே நாளில், அவர்கள் கபில முனிவரின் ஆசிரமத்துக் கரையில் நீரில் மூழ்கி எழுகின்றனர்.

இத்தற்காலிக ஊரில் இருவகை மக்கள் உண்டு. ஒரு வகையினர் மேளா தொடங்கப் பல நாட்கள் இருக்கும்போதே வந்து, துனி எனப்படும் அக்கினிக் குண்டத்தை வளர்த்து, அதன் முன்னே அமர்ந்துவிடும் துறவியர். மற்றொரு வகையினர் ஓரிரவு தலைசாய்த்துவிட்டு மறுநாள் பேருந்து ஏறும் யாத்திரிகர். முன்னவர் ஒரு பருவம் முழுவதும் இருப்பவர். பின்னவர் வந்து போகிறவர். இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது? ஓரிடத்தில் நெடுநாள் தங்கியவர்க்கு அவ்விடத்தின்மீது தனி உரிமை உண்டா? புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பெரியம்மா கேட்ட கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரத்திலிருந்து எங்கள் பெரியம்மா கங்காசாகர யாத்திரைக்கென்று வந்திருந்தார். மற்றத் தீர்த்தங்களுக்குப் பலமுறை, கங்காசாகரத்துக்கு ஒரே முறை என்று வடநாட்டார் கூறுவதுண்டு. பெரியம்மாவுக்கும் அது வாழ்நாளில் ஒரே முறை வாய்த்த பயணம். வீட்டில் தங்கி விடியலில் புறப்படலாம் என்று நாங்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. யாத்திரை என்றால் யாத்திரிகரோடுதான் படுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆகவே ஒரு குளிர்ந்த இரவில் அவரைப் பாபுகாட்டுக்கு அழைத்துச் சென்றோம்.

கூட்டம் மிகுதி. இடம் தேடிக் களைத்த பெரியம்மா, வெதுவெதுப்பாக இருந்த ஓரிடத்தைக் கண்டதும் மூட்டையை இறக்கி, ஈரம் உலராத புடைவையை அருகிலிருந்த மூங்கிலில் விரித்துவிட்டார். அது ஒரு முதிய துறவியின் துனியருகே நட்ட மூங்கில். காலணியும் அங்கேயே கழற்றப்பட்டிருந்தது. துறவி சீறி எழுந்தார். "இது வழியில்லை, தாயே! எங்கள் வீடு, எங்கள் சந்நிதி!" என்று இந்தியில் அவர் உரக்கச் சொன்னதை நாங்கள் தமிழில் மெல்லச் சொன்னோம். பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. மூட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர், சற்றுத் தொலைவில் அமர்ந்ததும் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இவர் மட்டும் இங்கே நிலைத்து இருக்கப் போகிறாரா? நான் இரண்டு நாள், இவர் இருபது நாள். இதில் யார் வீடு, யார் வாசல்?"

அக்கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. அவர் சினந்ததில் நியாயம் இருந்தது. துனி துறவிக்கு அடுப்பும் பூசையறையும் ஒன்றானது. காலணியை அதன் பக்கத்தில் வைத்தல் நம் வீட்டுப் பூசையறையில் செருப்போடு நுழைவதற்கு நிகர். பெரியம்மா வருந்தியதிலும் நியாயம் இருந்தது. அறியாமல் செய்த பிழைக்கு அத்தனை பேர் நடுவே சுடுசொல் பெறுவது எளிதாகத் தாங்கக்கூடியதன்று. இருவர் பக்கமும் நியாயம் இருந்தும் உறவு முறிந்தது எவ்வாறு? அதைக் காண நாம் கங்கையின் வழியே சற்று மேலே செல்ல வேண்டும்.

மணலில் ஒரு மாதம்

பிரயாகையில் ஆண்டுதோறும் நடைபெறும் மாக மேளாவில் கல்பவாசம் என்றொரு நோன்பு உண்டு. நம் மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பௌர்ணமியில் தொடங்கி, தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமி வரை, கங்கைக் கரையின் மணலில் கூடாரம் அடித்து ஒரு மாத காலம் வாழ்வது அது. கும்பமேளா நிகழ்ந்த 2025-ஆம் ஆண்டில் அது ஜனவரி 13 முதல் பிப்ரவரி 12 வரை அமைந்தது. கல்பவாசிகள் தரையில் உறங்குவர், ஒருபொழுது உண்பர், விடியுமுன் நீராடுவர். கூடாரத்தின் முன்னே துளசி நட்டு, வாற்கோதுமை விதைத்து வளர்ப்பர். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்நோன்பை நிறைவேற்றுவோர் பலர். ஆண்டுதோறும் அதே பண்டாவின் கொடியை அடையாளங்கண்டு, அவர் ஒதுக்கித் தரும் நிலத்தில் அவர்கள் தங்குவதுண்டு. பக்கத்துக் கூடாரத்தாரும் பல நேரம் பழகிய முகங்களாகவே இருப்பர்.

அமாவாசை போன்ற பெருநாட்களில் இவர்களிடையே புகும் கூட்டமோ கணக்கில் அடங்காதது. ஒரே ஒரு முழுக்குக்காக நெடுந்தொலைவு வந்தவர்கள் அவர்கள். கல்பவாசியின் அமைதி அன்று குலைகின்றது. குழாயடியில் நெருக்கம், வழியெல்லாம் குப்பை. ஒரு மாதம் தவம் இருப்பவர்க்கு ஒரு நாள் வந்தவர் இடையூறாகத் தோன்றுவது இயல்பே. 'நாம் துடைத்து வைத்த இடம், நாம் நட்ட துளசி' என்று அவர் எண்ணுவார். வந்தவரோ, 'கங்கை என்ன இவருக்குப் பட்டாப் போட்ட நிலமா?' என்று எண்ணுவார்.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும. அம்மணல்வெளி எவருக்கும் உரியதன்று. மழைக்காலத்தில் கங்கையே அதன்மீது பாய்கின்றது. வெள்ளம் வடிந்தபின் கரையின் வடிவமே மாறிவிடுவதுண்டு. ஆண்டுதோறும் நிலத்தைப் புதிதாக அளந்து, வீதி வகுத்து, மனை பிரித்துத் தருகின்றனர். 'சென்ற ஆண்டு இருந்த அதே இடம்' என்று கல்பவாசி சொல்லும் இடம் உண்மையில் வேறு மணல். கங்காசாகரத்திலும் அப்படியே. முன்னிருந்த கோயில்களைக் கடல் கொண்டுவிட, கபில முனிவரின் கோயில் உள்நோக்கி இடம் பெயர்ந்து நிற்கின்றது. கோயிலுக்கே நிலைத்த இடம் இல்லாத கரையில் மனிதனின் கூடாரம் எம்மாத்திரம்?

எனினும் நெடுநாள் தங்கியவரிடம் வந்தவரிடத்தில் இல்லாத ஒன்று இருக்கவே செய்கின்றது. அது அறிவு. எந்தத் துறையில் ஆழம் அதிகம், எந்நேரம் கூட்டம் குறையும், எப்பக்கம் வழி என்பதெல்லாம் அவர் அறிவார். 2025 ஜனவரி 29 அன்று, மௌனி அமாவாசையின் பின்னிரவில், பிரயாகைச் சங்கமத்தருகே நிகழ்ந்த துயரத்தை நாம் மறந்திருக்க முடியாது. நல்ல வேளைக்காகக் காத்துக் கரையிலேயே படுத்திருந்தோர்மீது, தடுப்புகளைத் தாண்டி வந்த பெருங்கூட்டம் மிதித்துச் சென்றது. முப்பதுபேர் இறந்தனர் என அரசு அறிவித்தது. 1954 பிப்ரவரி 3 அன்றும் இதே அமாவாசையில் இதே பிரயாகையில் நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னால் வந்தவர்க்கு முன்னால் ஒருவர் படுத்திருப்பது தெரியாது. படுத்திருந்தவர்க்குப் பின்னால் கூட்டம் திரள்வது தெரியாது. ஒருவர் இருப்பதை மற்றவர்க்கு உணர்த்தும் ஏற்பாடு பிழைக்கும்போது பக்தியும் உயிரைப் பறிக்கின்றது.

ஆகவே நெடுநாள் தங்குதல் உரிமையைத் தருவதினும் கடமையையே மிகுதியாகத் தருகின்றது என்பது எம் துணிபு. இடத்தை அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லக் கடன்பட்டவர். அத்துறவி, "தாயே, இது துனி, அதோ அந்தப் பக்கம் படுக்க இடம் உண்டு" என்று சொல்லியிருந்தால், அவருடைய சந்நிதியும் காக்கப்பட்டிருக்கும், பெரியம்மாவின் மனமும் காக்கப்பட்டிருக்கும். வருபவர்க்கும் கடமை உண்டு. மூட்டையை இறக்குமுன் ஒரு சொல் கேட்பதும், புறப்படுமுன் இடத்தைத் துடைத்து வைப்பதும் அவர் செய்யத்தக்கவை. 'நாளைக்குப் போகிறவர்க்கு என்ன?' என்னும் நினைவு, நாளை மறுநாள் அதே இடத்தில் படுக்க வருபவர்க்குச் செய்யும் தீங்கு.

நாட்களைக் கொண்டு ஒருவரை அளப்பதும் பிழையே. கல்பவாசியின் முப்பது நாளும் பெரியம்மாவின் இரண்டு நாளும் எண்ணிக்கையில் வேறு. ஆயின் அந்த இரண்டு நாளுக்காகப் பெரியம்மா எத்தனை ஆண்டு சிறுவாடு சேர்த்தார் என்பதை நாங்கள் அறிவோம்.

நம் கூடாரம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதுமொழி. மூன்று நாளுக்குப் பின் விருந்தினர் என்ன ஆகிறார் என்பதை அம்மொழி சொல்லவில்லை. அந்த நான்காம் நாளில்தான் கல்கத்தாத் தமிழராகிய நம் வாழ்வு தொடங்குகின்றது. நம் முன்னோர் அலுவல் தேடி வந்தனர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டே லேக் மார்க்கெட் பக்கத்தில் வேரூன்றினர். வாழையிலையும் கறிவேப்பிலையும் தேடி அலைந்த காலம் போய், அவை நம் தெருவிலேயே விற்கும் காலம் வந்தது. வங்காளத்தார்க்கு நாம் வந்தவர். நமக்குப் பின் தமிழகத்திலிருந்து வருவோர்க்கோ நாம் இருப்பவர். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால் அங்கே மறுபடியும் வந்தவர். ஒரே மனிதர் இரு பாத்திரங்களையும் ஏற்கும் வாழ்வு நம்முடையது. ஆதலின் இக்கேள்வியில் மற்றவரைவிட நமக்குத் தெளிவு வேண்டும்.

அத்தெளிவு நமக்கு எப்போதும் இருந்ததா? ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் சார்ந்திருந்த மன்றம் ஒன்றில், மாற்றலாகி வந்த ஓர் இளைஞரை விழாக் குழுவில் சேர்ப்பது குறித்துப் பேச்செழுந்தது. "இரண்டு வருடத்தில் போய்விடுகிறவர், அவர் எதற்கு?" என்று ஒருவர் சொன்னார். அவையில் இருந்த நாங்கள் மறுத்துப் பேசவில்லை. அவ்விளைஞர் பின்வரிசையில் அமர்ந்து நாடகம் பார்த்தார், பந்தியில் பரிமாறினார், இரண்டு ஆண்டுகளில் போயும்விட்டார். ஹௌரா நிலையத்துக்கு வழியனுப்ப எங்களில் ஒருவரும் செல்லவில்லை. பெரியம்மாவை விரட்டிய துறவியிடம் நாங்கள் கண்ட குறையை, துனியும் தவமும் இன்றியே நாங்கள் செய்தோம். துறவிக்காவது காக்க ஒரு நெருப்பு இருந்தது. எங்களுக்கு இருந்தவை நான்கு நாற்காலிகள்.

இன்று அந்நாற்காலிகளில் அமர ஆள் குறைவு. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். நிலைத்தவர் என்று நாம் நினைத்தவர்களே புறப்பட்டுவிட்டனர். படிக்கவும் பணி செய்யவும் சில ஆண்டுகளுக்கென வருவோரைக் கொண்டே இன்று அவை நிறைகின்றது. வந்து போகிறவர் என்று நாம் ஒதுக்கிய வகையினரே நம் விளக்கை அணையாது காக்கின்றனர்.

குறுகிய தங்கல் என்றால் குறுகிய உறவு என்பதும் இல்லை. பாரதியார் இந்நகரில் வாழ்ந்தவர் அல்லர். காங்கிரஸ் மாநாட்டுப் பயணத்தின்போது வந்து சென்றவர். அவ்வருகையில் அவர் நிவேதிதை அம்மையாரைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவினார் என்றும், பெண்மையைப் பற்றிய பாரதியின் நோக்கையே அவ்வினா மாற்றியது என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1908-இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவர் அம்மையாருக்கே காணிக்கையாக்கினார். அம்மையார் யார்? அயர்லாந்தில் பிறந்து, 1898 ஜனவரியில் கப்பலில் வந்து இறங்கி, இந்நகரத்தையே தம் ஊராகக் கொண்டவர். வந்து தங்கிய ஒருவர், வந்து செல்லும் ஒருவரிடம் அவர் இல்லத்தாரைப் பற்றி விசாரித்தார். எத்தனை நாள் இருப்பீர் என்று கணக்குப் பார்த்தபின் அவர் பேசியிருந்தால், தமிழ் ஒரு பெரும்பேற்றை இழந்திருக்கும்.

பெரியம்மாவின் யாத்திரைக்கு ஒரு முடிவுரை உண்டு. முரிகங்கையைப் படகில் கடந்து, நீராடி, நான்காம் நாள் அவர் பாபுகாட்டுக்குத் திரும்பினார். எங்களையும் அழைத்துக்கொண்டு நேரே அத்துறவியிடம் சென்றார். காலணியைத் தொலைவிலேயே கழற்றிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் மிஞ்சியதை ஒரு தாளில் வைத்து நீட்டினார். துறவி அவரை நினைவுகூர்ந்தாரோ இல்லையோ, அறியோம். முறுக்கை வாங்கிக்கொண்டு, துனியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்துப் பெரியம்மாவின் நெற்றியில் இட்டார். "இப்போது இடம் கேட்கத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை வர எனக்குத்தான் வயது இல்லை" என்று பெரியம்மா திரும்பி வரும் வழியில் சொன்னார்.

சில நாட்களில் அத்தற்காலிக ஊர் கலைந்தது. மூங்கில்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினர். இருபது நாள் எரிந்த துனிக்கும், ஓரிரவு விரித்த வைக்கோலுக்கும் உரிய இடத்தில் ஒரே நிறத்தில் மண் தெரிந்தது. இவ்வாண்டும் நம் வாசலுக்குப் புதிதாக எவரேனும் மூட்டையோடு வருவர். எத்தனை நாள் இருப்பீர் என்பதை விடுத்து, எங்கே படுக்கலாம் என்பதை முதலில் அவர்க்குச் சொல்வோமாக.